வாடகை இல்லாத வீடு, பட்டா யார் பேரில்? ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ்: ஒரு மதிப்பீடு

தனியாளாகத் தமிழில் பாட்காஸ்ட் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்கலாம் என்று. பதிவு செய்த கோப்பை எங்கே ஏற்றுவது என்ற கேள்வி பிறகுதான் வருகிறது, அதுவும் அவசரத்தில். மைக் விஷயத்தில் ஏமாந்தால் சில ஆயிரம் ரூபாய் போகும். ஹோஸ்டிங் விஷயத்தில் ஏமாந்தால், இரண்டு மூன்று வருஷம் வாரம் தவறாமல் பேசிச் சேர்த்த நேயர்கள் போவார்கள். காசு கேட்காத ஹோஸ்டிங் என்றதும் பலரும் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கும் இடம் ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ். போகலாமா? போகலாம். ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இது 2015-ல் நியூயார்க்கில் ஆங்கர் என்ற பெயரில் பிறந்த சேவை. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இதை வாங்கியது. 2023 மார்ச்சில் ‘ஸ்பாட்டிஃபை ஃபார் பாட்காஸ்டர்ஸ்’ ஆனது, 2024 நவம்பரில் இப்போதைய பெயருக்கு மாறியது. பலகையிலிருந்து ‘பாட்காஸ்டர்’ என்ற சொல்லே காணாமல் போனதைக் கவனியுங்கள். வீடியோக்காரர்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். உங்கள் ஃபீட் முகவரியில் (மற்ற செயலிகள் வந்து எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் இணைய முகவரி) மட்டும் இன்னமும் ஆங்கர்.எஃப்.எம். என்றே வரும். வீட்டை விற்றவர் பெயர் வாசல் கல்லில் இருப்பது மாதிரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சேமிப்புக்கும் காசில்லை, எத்தனை பேர் கேட்டாலும் காசில்லை. இது சின்ன விஷயமில்லை. ட்ரான்ஸிஸ்டர் போன்ற ஹோஸ்டிங் சேவையில் தொடக்கக் கட்டணமே மாதம் 19 டாலர், நம் பணத்தில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல். பஸ்ஸ்ப்ரௌட்டில் இலவசத் திட்டம் இருக்கிறது, ஆனால் மாதம் இரண்டு மணி நேரம்தான் ஏற்றலாம், ஏற்றியதும் 90 நாளில் போய்விடும். சிறுகதை வாசிப்பு, கோயில் வரலாறு, சித்த மருத்துவம் என்று பழைய எபிசோடுகளையும் ஆட்கள் தேடிக் கேட்கிற பாட்காஸ்ட்டுக்கு 90 நாள் கணக்கு ஒத்தே வராது. இருநூறு பேர் கேட்கும் நிகழ்ச்சிக்கு மாதாமாதம் டாலரில் கட்டணம் கட்டச் சொல்வதும் நியாயமில்லை. அந்த நிலையில் இருப்பவருக்கு இந்த இலவசம் உண்மையிலேயே உதவி.

தொடங்கும்போதே சரிசெய்ய வேண்டியவை

கணக்கு தொடங்கி முதல் எபிசோடை ஏற்றியதும், பாட்காஸ்ட் ஊரெல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போகவில்லை. ஸ்பாட்டிஃபைக்குள் மட்டும்தான் போயிருக்கிறது. அமைப்புகளில் ஆர்.எஸ்.எஸ். விநியோகத்தை நாமே இயக்கினால்தான் ஃபீட் முகவரி கைக்கு வரும். ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு எபிசோடின் தலைப்பு, குறிப்பு, ஒலிக்கோப்பின் முகவரி எல்லாம் வரிசையாக எழுதிய ஓர் எழுத்துக் கோப்பு. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், பாக்கெட் காஸ்ட்ஸ், ஆன்டெனாபாட் போன்ற கேட்கும் செயலிகள் எல்லாம் அந்தக் கோப்பைத்தான் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கின்றன. புதிய வரி சேர்ந்திருந்தால் நேயரின் கைபேசிக்குப் புதிய எபிசோடு போகும். பாட்காஸ்ட் என்ற சொல் புழக்கத்துக்கு வந்த 2004-லிருந்து இன்றுவரை இதுதான் அடிப்படை. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டபோதும், ஃபீட் வைத்திருந்தவர்களின் நேயர்கள் வேறு செயலிக்குப் போய் அதே நிகழ்ச்சியைத் தொடர முடிந்தது. செயலி போனாலும் ஃபீட் இருந்தது.

ஆகவே ஆர்.எஸ்.எஸ்.ஸை முதல் நாளே இயக்குங்கள். ஃபீடில் மின்னஞ்சல் முகவரி தெரியும்படி ஒரு தேர்வு இருக்கும், அதையும் இயக்குங்கள். மற்றத் தளங்களில் நிகழ்ச்சியைச் சேர்க்கும்போது ‘இது உன்னுடையதுதானா’ என்று சரிபார்க்கும் மடல் அந்த முகவரிக்குத்தான் வரும். சொந்த முகவரியைக் கொடுத்தால் குப்பை மடல் குவியும், நிகழ்ச்சிக்கென்று தனி முகவரி வைப்பது நல்லது. ஆப்பிளில் சேர்ப்பதை யாரிடமும் விடாமல், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்டில் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து நீங்களே செய்யுங்கள். ஆங்கர் காலத்தில் அந்த நிறுவனமே ஆப்பிளில் சேர்த்துக்கொடுத்ததால், சொந்த நிகழ்ச்சியின் ஆப்பிள் சாவி பலர் கையில் இல்லாமல் போனது. பட்டா என்று தலைப்பில் சொன்னது இதைத்தான்.

மொழி என்ற பெட்டியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டால் தமிழ் நிகழ்ச்சிகளுக்கான வரிசையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். நிகழ்ச்சியின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தாலும், அதே பெயரின் ஆங்கில எழுத்து வடிவத்தை நிகழ்ச்சிக் குறிப்பின் முதல் வரியில் சேருங்கள். தமிழில் பேசி, தமிழில் கேட்டு, தேடும்போது மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுகிற பழக்கம் நம்மிடம் எவ்வளவு என்று தெரிந்ததுதானே.

அட்டைப்படத்தில் பெரும்பாலான தமிழ் பாட்காஸ்ட்டுகள் சறுக்குகின்றன. ஆப்பிள் கேட்பது சதுரப் படம், குறைந்தது 1400 பிக்சல், அதிகபட்சம் 3000. மூவாயிரத்தில் வடிவமைத்து, பெரிய திரையில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். நேயர் பார்ப்பதோ கைபேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு. ஆங்கிலப் பெரிய எழுத்து அந்த அளவிலும் தாக்குப்பிடிக்கும். தமிழில் ண, ணை, ஞ, இ எல்லாம் சுழி அடைத்து ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். படத்தை 60 பிக்சலுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் பெயரை இரண்டு சொல்லுக்குள் கொண்டுவாருங்கள், எழுத்தின் தடிமனைக் குறையுங்கள். தடிமனைக் கூட்டினால் சுழி இன்னும் அடைக்கும்.

ஒலி: இவர்கள் செய்யாதது

கைபேசியிலேயே பேசி, பின்னணி இசை சேர்த்து, அங்கேயே வெளியிடலாம் என்பதுதான் ஆங்கரைப் பிரபலமாக்கியது. 2024-ல் அந்தக் கருவிகளை எடுத்துவிட்டு, பதிவு வேலையை ரிவர்சைடு என்ற வேறொரு சேவையுடன் இணைத்துவிட்டார்கள். கணினி இல்லாமல் கைபேசி மட்டும் வைத்திருந்த தனியாட்களுக்கு இது இழப்பு. பேட்டி எடுக்கிறவர்களுக்கு ஆதாயம், ஏனென்றால் ரிவர்சைடு இருபக்கக் குரலையும் இணையம் வழியாகப் பிடிக்காமல், அவரவர் கருவியிலேயே பதிந்து பிறகு ஏற்றுகிறது. நடுவில் இணையம் திக்கினாலும் பதிவு திக்காது.

அதில் வழக்கமாக நடக்கும் கோளாறுகள் இரண்டு. பேச்சு முடிந்ததும் விருந்தினர் ‘சரிங்க, வரட்டுமா’ என்று ஜன்னலை மூடிவிடுவார், அவர் பக்கத்துக் கோப்பு முழுதாக ஏறியிருக்காது. ஏற்றம் நூறு சதவீதம் ஆகும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருங்கள். இரண்டாவது, ப்ளூடூத் இயர்பட். அதன் மைக்கை இயக்கியவுடன் கருவி தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும், மேல் அலைவரிசைகள் வெட்டுப்பட்டு, குரல் பழைய லேண்ட்லைனில் கேட்பதுபோல ஆகும். எந்த மென்பொருளாலும் அதை முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. நூறு இருநூறு ரூபாய் கம்பி இயர்போன் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

குரலைச் சுத்தம் செய்து, அளவு சீராக்கிக் கொடுப்பது உங்கள் வேலை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும், அதுவும் இலவசம். மின்விசிறியை நிறுத்துங்கள். பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் ஓசையைப் பதியுங்கள். இரைச்சல் நீக்கத்துக்கு மாதிரியாக அந்தப் பத்து விநாடியைக் கொடுத்து, 6 டெசிபல், மிஞ்சினால் 8 குறையுங்கள். இரைச்சல் அடியோடு போகட்டும் என்று 20 வைத்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும். பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் இருக்கட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் வடிகட்டியில் வெட்டிவிட்டால் மேசை அதிர்வும் லாரி உறுமலும் போகும்.

கடைசியில் ஒலியளவு. ஆப்பிள் சொல்வது மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (மொத்த எபிசோடின் சராசரி ஒலியளவைச் சொல்லும் அலகு), ஒன்று கூடலாம் குறையலாம், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆடாசிட்டியில் அளவு சீராக்கும் பெட்டியைத் திறந்தால் மைனஸ் 23 என்று நிற்கும். அது தொலைக்காட்சி ஒலிபரப்புக் கணக்கு. மாற்றாமல் விட்டுவிட்டுத்தான் ‘எல்லாரும் சத்தம் கம்மி என்கிறார்கள்’ என்று குழம்புகிறார்கள். ஸ்டீரியோ கோப்பு என்றால் மைனஸ் 16, மோனோ கோப்பு என்றால் மைனஸ் 19. காதுக்கு இரண்டும் ஒரே அளவில் கேட்கும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆஃபோனிக் என்ற சேவை மாதம் இரண்டு மணி நேர ஒலியைக் காசில்லாமல் சரிசெய்து தருகிறது. வாரம் அரை மணி நேர எபிசோடு போடுகிறவருக்கு அது சரியாக இருக்கும்.

நீங்கள் ஏற்றும் கோப்பை அவர்கள் மறுபடியும் சுருக்குவார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிக் கொடுத்தால், சுருக்கியதையே சுருக்கி, ச, ஸ, ஷ எல்லாம் தண்ணீருக்குள் பேசியதுபோலக் குழையும். வேவ் கோப்பாகவோ 192-ல் எம்பி3 ஆகவோ கொடுங்கள். இலவச இடத்தில் சிக்கனம் பார்த்து என்ன பயன்?

சினிமா பின்னணி இசையைத் தொடாதீர்கள். ‘பத்து விநாடிதானே’ என்று ஒரு விதி இல்லவே இல்லை, யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கை அது. பாட்டுக்கும் பேச்சுக்கும் சேர்த்து உரிமையோடு நிகழ்ச்சி செய்யும் வசதி ஒன்று ஸ்பாட்டிஃபையில் இருந்தது, அதையும் 2024-ல் நிறுத்திவிட்டார்கள்.

எண்களை எப்படி வாசிப்பது

இந்தச் சேவையில் மெச்ச வேண்டியது புள்ளிவிவரப் பக்கம்தான். பொதுவாகப் பாட்காஸ்ட் ஹோஸ்டிங்கில் கிடைப்பது பதிவிறக்க எண். பதிவிறக்கியவர் கேட்டாரா, எதுவரை கேட்டார் என்று அதில் தெரியாது. ஒரே வைஃபையில் ஒரே செயலி வழியாக நான்கு பேர் கேட்டால், ஒரு நாளைக்கு ஒருவராக எண்ணப்படும் வாய்ப்பும் உண்டு. கல்லூரி விடுதியில் நன்றாகப் போகும் நிகழ்ச்சி எண்ணிக்கையில் அடிவாங்குவது இதனால்தான்.

ஸ்பாட்டிஃபைக்குள் கேட்டவர்களைப் பற்றியோ நுணுக்கமாகத் தெரியும். எபிசோடு எத்தனை தடவை தொடங்கப்பட்டது என்று ஓர் எண் இருக்கும். ‘ஸ்ட்ரீம்’ என்பது குறைந்தது 60 விநாடி கேட்கப்பட்ட தடவைகள். இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். நூறு தொடக்கத்துக்கு அறுபது ஸ்ட்ரீம்தான் என்றால், நாற்பது தடவை முதல் நிமிடத்திலேயே எழுந்து போய்விட்டார்கள். கூடவே எந்த விநாடியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று ஒரு கோடு வரும். அந்தக் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எபிசோடை நீங்களே கேளுங்கள். தீம் இசை 25 விநாடி, அதன்மேல் வணக்கம், நிகழ்ச்சிப் பெயர், ‘போன வாரம் வர முடியவில்லை, மன்னிக்கவும்’, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வது என்று விஷயத்துக்கு வரவே ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். கோடு சரிகிற இடம் அதுதான். விஷயத்தின் சுவையான ஒரு வாக்கியத்தை முதலில் போட்டு, தீம் இசையை 8 விநாடிக்குக் குறைத்து, மன்னிப்பைத் தூக்கிவிட்டு அடுத்த எபிசோடைப் போடுங்கள். இரண்டு எபிசோடின் கோடுகளையும் ஒப்பிட்டால் பலன் தெரியும். ஒரு எச்சரிக்கை: ஐம்பது பேர் கேட்ட எபிசோடில் இந்தக் கோட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு பேர் பஸ் வந்து ஏறினாலே அது சரியும்.

கருத்துரைகள், வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் அவை ஸ்பாட்டிஃபை செயலியில் கேட்கிறவருக்கு மட்டும். ஆன்டெனாபாடில் கேட்கும் கனடாத் தமிழருக்கு வாக்கெடுப்பு நடந்ததே தெரியாது. ‘கீழே வாக்களியுங்கள்’ என்று எபிசோடில் சொல்லாதீர்கள். மின்னஞ்சல் முகவரியைச் சொல்லுங்கள்.

வீடியோவிலும் இதே கதை, இன்னும் அழுத்தமாக. வீடியோ எபிசோடு ஏற்றலாம், நன்றாகவே ஓடும், ஊக்குவிக்கவும் செய்கிறார்கள். ஃபீட் வழியாக வெளியே போவது ஒலி மட்டும்தான். திரையில் எதையோ காட்டி ‘இதோ பாருங்கள்’ என்று சொன்னால் மற்ற செயலியில் கேட்பவர் விழிப்பார். நாளைக்கு வேறு ஹோஸ்டிங்குக்குப் போனால் வீடியோ உங்களோடு வராது. வீடியோதான் உங்கள் பலம் என்றால் யூடியூப் இருக்கிறது, பாட்காஸ்ட் ஹோஸ்டிங்கை அதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பணம் என்று வரும்போது எதிர்பார்ப்பை மட்டுப்படுத்திக்கொள்வது நல்லது. ஸ்பாட்டிஃபையின் வருவாய்ப் பங்குத் திட்டம் 2025 ஜனவரியில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கியது. கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததால், அதை நம்பி இறங்கும் முன் பட்டியலைப் பாருங்கள். விளம்பரக் கணக்கோ சின்ன நிகழ்ச்சிக்கு எடுபடாது. ஆயிரம் கேட்புக்கு ₹300 என்று வைத்துக்கொண்டால், 500 பேர் கேட்கும் எபிசோடுக்கு ₹150. மாதம் நான்கு எபிசோடுக்கு ₹600. டீ, பஜ்ஜி செலவுக்குக் காணும்.

தலையை எண்ணி விற்பதற்குப் பதில், யார் கேட்கிறார்கள் என்று சொல்லி விற்பதில்தான் தனியாளுக்கு வழி இருக்கிறது. மாடித்தோட்டம் பற்றிப் பேசும் நிகழ்ச்சியை 500 பேர் கேட்டால், அவர்களில் பெரும்பாலோர் இந்த மாதமே விதையோ மண்புழு உரமோ வாங்கப்போகிறவர்கள். நாட்டு விதைக் கடைக்காரருக்கு அந்த 500, ஊருக்கெல்லாம் போகும் விளம்பரத்தைவிட மதிப்பு. மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசுங்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் கழித்து, உங்கள் குரலிலேயே, ஐம்பது சொல்லுக்குள் சொல்லி முடியுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்தத் துண்டை வெட்டிய கோப்பை ஏற்றிப் பழையதை மாற்றலாம், இந்தச் சேவையில் அது எளிது. அதற்காகவே விளம்பரம் இல்லாத பிரதியைத் தனியாக வைத்திருங்கள்.

எல்லாப் பிரதியையுமே வைத்திருக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.3 எம்பி. அரை மணி நேர எபிசோடுகள் ஐம்பது சேர்ந்தாலும் 8 ஜிபிதான், ஒரு பென்டிரைவில் அடங்கும். இலவச சேவையில் உள்ள கோப்பைக் காப்புப் பிரதி என்று நினைக்காதீர்கள்.

வெளியேறும் வழி

கதவு இருக்கிறது என்பதே இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் கூடக் கொடுக்கக் காரணம். கட்டணம் கட்டுமளவுக்கு நிகழ்ச்சி வளர்ந்து நீங்கள் வேறு ஹோஸ்டிங்குக்குப் போக நினைத்தால், பழைய ஃபீட் முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 வசதியைத் தருகிறார்கள். அதைச் செய்யும் வரிசை முக்கியம்.

புதிய இடத்தில் பழைய ஃபீட் முகவரியைக் கொடுத்து எல்லா எபிசோடையும் இழுக்கச் சொல்லுங்கள். ஃபீடில் மின்னஞ்சல் தெரிய வேண்டும் என்று சொன்னது இங்கேயும் உதவும். எண்ணிக்கை சரியா, தமிழ்த் தலைப்புகள் கட்டம் கட்டமாக உடையாமல் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் நீளமாக ஓர் அடையாளக் குறி ஃபீடில் இருக்கும், ஜியுஐடி என்பார்கள். அது எழுத்து மாறாமல் புதிய ஃபீடிலும் இருக்க வேண்டும். மாறினால் செயலிகள் பழைய எபிசோடுகளையெல்லாம் புதிதென்று நினைத்து, நேயர் கைபேசியில் நூறு எபிசோடை ஒரே இரவில் இறக்கும். காலையில் முதல் வேலையாக உங்களை நீக்கிவிடுவார்கள்.

இவை சரியென்றால் மட்டும் ஸ்பாட்டிஃபை பக்கத்தில் புதிய முகவரியைக் கொடுத்துத் திருப்பிவிடுங்கள். புதிய ஃபீடில் ‘புதிய முகவரி இதுதான்’ என்று ஆப்பிளுக்குச் சொல்லும் குறியையும் இயக்குங்கள், குறைந்தது நான்கு வாரம் அது இருக்கட்டும். ஆப்பிள் கனெக்டிலும் உள்ளே போய் முகவரியைக் கையால் மாற்றிவிடுங்கள். கருத்துரைகள், வாக்கெடுப்புகள், கேட்பு வரலாறு எதுவும் புதிய ஹோஸ்டிங்குக்கு உங்களோடு வராது. தேவையான எண்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த நிம்மதியில் பழைய கணக்கை அழிக்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். கணக்கோடு 301-ம் போய்விடும். நேயர் எல்லாரும் தினமும் செயலியைத் திறப்பதில்லை. வெளிநாடு போனவர், பரீட்சைக்குப் படிக்கிறவர் என்று ஆறு மாதம் கழித்துத் திறப்பவரின் செயலி, பழைய முகவரியைத்தான் போய்த் தட்டும். மாதக் கட்டணம் இல்லாத கணக்கு, அப்படியே கிடக்கட்டும்.